ஒரு நாளைக்கு ஒரு பாடம்

அந்த ஆஸ்பத்திரியில் ஏசி வைத்த அறைகள் இரண்டுதான். ஒன்று ஆபரேஷன் தியேட்டர். மற்றொன்று, 1998 ஏப்ரல் வரை படுக்கை விரிப்புகளும் ரப்பர் ஷீட்டுகளும் அடுக்கியிருந்த ஸ்டோர் ரூம். ஏப்ரல் ஆறாம் தேதி அதைக் காலி செய்து, வெள்ளையடித்து, ஏசி மாட்டி, ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இட்டு, ஆஸ்பத்திரியை நடத்தும் அறக்கட்டளைக்காரர்கள் தேங்காய் உடைத்தார்கள். கதவில் 'செருப்பைக் கழற்றவும்' என்று எழுதி ஒட்டினார்கள். பிரசவ வார்டுக்குள் செருப்போடு போய் வந்துகொண்டிருந்த டாக்டர்கள்கூட அந்த அறைக்குள் வெறுங்காலுடன் நுழைந்தார்கள்.

மயிலாப்பூர் தெற்கு மாட வீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் இருந்த நாற்பது படுக்கைத் தர்மப் பிரசவ ஆஸ்பத்திரி அது. படித்துப் பட்டம் வாங்கிய நர்ஸுகள் ஆறு பேர். அவர்களுக்குக் கீழே உதவி நர்ஸுகள் எட்டுப் பேர். இந்த எட்டுப் பேரும் ஆயாவாகச் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே வேலை கற்றுக்கொண்டவர்கள். குழந்தையை வாங்குவது, துடைப்பது, குளிப்பாட்டுவது, காய்ச்சல் பார்ப்பது, தாய்மார்களுக்குப் புத்தி சொல்வது எல்லாம் அவர்கள்தான். பத்து வருடமானாலும் எட்டுப் பேருமே தற்காலிகம். 'நாளைக்கு வர வேண்டாம்' என்று சொன்னால் நாளைக்கு வரக் கூடாது. நான்கு வருடத்துக்கு முன்னால் மூன்று பேரிடம் அப்படிச் சொல்லியிருந்தார்கள்.

கம்ப்யூட்டரைக் கொடுத்த தொண்டு நிறுவனம் ஒரு சி.டி.யும் கொடுத்தது. அதில் முப்பது பாடங்கள். படம் ஓடும், ஒரு ஆண் குரல் தமிழில் விளக்கும், கடைசியில் ஐந்து கேள்விகள் வரும். மூன்று விடைகளில் சரியானதன் மேல் மவுஸை வைத்து அழுத்த வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு பாடம்தான் திறக்கும். முடித்த பாடம் மறுபடி திறக்காது. ஒருவர் விடையை இன்னொருவர் பார்த்து எழுதிவிடக் கூடாது என்று அப்படிச் செய்திருந்தார்கள். முப்பதையும் முடித்தவர்களை நிரந்தரம் செய்வதாக அறக்கட்டளை ஒப்புக்கொண்டது. ஜூன் முப்பதாம் தேதி கூட்டத்தில் தீர்மானம் வரும். அதை விட்டால் டிசம்பர்.

எட்டுப் பேரில் மூத்தவளான வேலம்மாவுக்கு டிசம்பர் கிடையாது. ஜூலை ஒன்பதாம் தேதி அவளுக்கு நாற்பத்தைந்து முடிகிறது. நாற்பத்தைந்து முடிந்தவர்களை நிரந்தரம் செய்ய விதியில் இடமில்லை என்று மேட்ரன் ஜெயபாரதி அவளைத் தனியாகக் கூப்பிட்டே சொல்லியிருந்தாள். பதினோரு வருட வேலையும் அந்த ஒரு தேதியில் போய் நின்றது.

நீரஜா என்ற பெண் செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் அடையாறிலிருந்து ஸ்கூட்டியில் வந்து மவுஸைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தாள். தொண்டு நிறுவனத்தில் ஒரு வருட ஒப்பந்தத்தில் இருந்தவள். மவுஸ் பிடிபட ஒரு வாரம் ஆனது. ஊசி போடும் கை, நரம்பு தேடும் கை, மேஜைமேல் அந்தச் சின்ன உருண்டையை நகர்த்தும்போது தடுமாறியது. பிறகு பழகிவிட்டது. பாடம் சொல்லும் குரல் வானொலியில் மாநிலச் செய்திகள் வாசிப்பதுபோல் இருந்ததால் அதற்கு 'நியூஸ் மாமா' என்று பேர் வைத்தார்கள். மாமா இன்னிக்கு இன்னா சொல்றாரு என்று வார்டில் கேட்டுக்கொள்வார்கள். உண்மையில் பாதிப் பேர் அந்த அறைக்குப் போனது ஏசிக்காகத்தான். எட்டு மணி நேரம் நின்ற கால்களை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு, மாமா பேசப் பேசத் தூங்கினார்கள்.

வேலம்மாவும் முதல் சில பாடங்களில் தூங்கினாள். கை கழுவுவது எப்படி என்று மாமா பத்து நிமிடம் சொன்னார். தெரிந்ததுதானே என்று கண்ணை மூடிக்கொண்டாள். அவள் தூக்கத்தைக் கலைத்தது பன்னிரண்டாவது பாடம்.

பிறந்த குழந்தையை முதல் நாள் குளிப்பாட்டக் கூடாது என்றார் மாமா. ஈரத்தைத் துடைத்து, வேறு உலர்ந்த துணியில் சுற்றி, உடனே தாயின் உடம்போடு ஒட்டிப் போட வேண்டும். குளிப்பாட்டினால் குழந்தையின் உடம்புச் சூடு இறங்கிவிடும். சூடு இறங்கிய குழந்தை பால் குடிக்காது, மூச்சு தடுமாறும் என்றார்.

அந்த ஆஸ்பத்திரியில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையையும் அரை மணிக்குள் வெந்நீரில் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, வெள்ளைத் துணியில் சுற்றி, வெளியே காத்திருக்கும் உறவினர்களுக்குக் காட்டுவது வழக்கம். ஆஸ்பத்திரியின் பெயரே அதில்தான் இருந்தது. பதினோரு வருடமாக அந்த வேலையைச் செய்தவள் வேலம்மா. மார்கழி, தை மாதங்களில் சில குழந்தைகள் உதடு நீலம் பாரித்துச் சில்லிட்டுப் போகும். நூறு வாட் பல்புக்குக் கீழே வைப்பார்கள். பெரும்பாலும் தேறிவிடும். சில தேறாது. ஏன் சில்லிட்டது என்று யாரும் யாரையும் கேட்டதில்லை.

அன்று ஐந்து கேள்விகளுக்கும் விடை அழுத்திவிட்டு அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் ஜாம்பஜாரில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினாள். மேட்ரனிடம் பாடத்தைப் பற்றிச் சொல்லிப் பார்த்தாள். அதெல்லாம் குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியது, மெட்ராஸ் வெயிலுக்குக் குளிப்பாட்டினால் ஒன்றும் ஆகாது, குளிப்பாட்டாத குழந்தையைக் காட்டினால் பாட்டிமார்கள் சண்டைக்கு வருவார்கள் என்றாள் ஜெயபாரதி. அதற்குப் பிறகு வேலம்மா கேட்கவில்லை. தன் ஷிப்டில் பிறந்த குழந்தைகளைத் துடைத்து, சுற்றி, தாயின் மார்பில் போட்டாள். சார்ட்டில் 'குளியல்' என்ற கட்டத்தில் எப்போதும்போல டிக் போட்டாள்.

டிக் போடுவது அங்கே யாருக்கும் உறுத்தாத காரியம். நாற்பது படுக்கைக்கு இரண்டு பேர் என்றால், காலை ஆறு, பத்து, பகல் இரண்டு என்று மூன்று வேளையும் தெர்மாமீட்டர் வைத்துக்கொண்டிருக்க முடியாது. காலையில் ஒருமுறை பார்ப்பார்கள். மூன்று கட்டத்தையும் அப்போதே நிரப்பிவிடுவார்கள். தேதியும் நேரமும் ஏற்கெனவே அச்சடித்திருக்கும். அதற்கு நேரே எண்ணைப் போட வேண்டும், அவ்வளவுதான். காய்ச்சல் இருப்பவள் முகத்தைப் பார்த்தாலே தெரியும் என்பார்கள். பெரும்பாலும் தெரிந்தும்விடும்.

பன்னிரண்டுக்குப் பிறகு வேலம்மா ஒரு பாடத்திலும் தூங்கவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டு நோட்டில் எழுதினாள். இன்னும் எத்தனை தப்பு செய்திருக்கிறோமோ என்ற பயம் அதில் பாதி. சத்தம் போடாமல், யார் முன்னாலும் மானத்தை வாங்காமல் தப்பைச் சொல்கிற ஒரு குரல் கிடைத்துவிட்டதே என்ற ஆறுதல் பாதி. ஷிப்ட் மாறினால் அறைக்குப் போக முடியாது. வாரத்துக்கு இரண்டோ மூன்றோதான் முடிந்தது. ஜூன் முதல் வாரத்தில் இருபத்திரண்டு முடித்திருந்தாள். அடுத்த பாடத்தின் தலைப்பு திரையில் மங்கலாகத் தெரிந்தது. 'குழந்தை அழாவிட்டால்.' அது திறக்கும் நாளுக்காக அவள் ஷிப்டைக்கூட மாற்றிக் கேட்டிருந்தாள்.

மற்ற ஏழு பேரும் அப்போது ஐந்திலும் எட்டிலும் நின்றார்கள். அவர்களுக்கு வழி கண்டுபிடித்தவள் வேம்பு. முப்பது வயது, கலகலப்பானவள். அவள் கணவன் மேற்கு மாம்பலத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டி.டி.பி. சென்டரில் வேலை செய்தான். திரையின் மூலையில் இருக்கும் கடிகாரத்தை இரண்டு தட்டுத் தட்டினால் காலண்டர் வரும், அதில் தேதியை மாற்றிவிடலாம் என்று அவன்தான் சொல்லியிருந்தான். மாற்றிப் பார்த்தாள். அடுத்த பாடம் திறந்தது. பிறகு ஒரு தேதியை நகர்த்துவது, ஏழு பேரும் ஆளுக்கொரு முறை தட்டி முடிப்பது, அடுத்த தேதிக்குப் போவது என்று இரண்டு மத்தியானத்தில் முப்பதையும் முடித்துவிட்டார்கள். விடைகளைப் படிக்கவே இல்லை. முதலில் தட்டுபவள் சரியான இடத்தைத் தட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்வாள். முதல் கேள்விக்கு நடுவில் உள்ளது, இரண்டாவதுக்குக் கீழே உள்ளது என்று இடத்தைச் சொல்லிச் சொல்லித் தட்டினார்கள். தேதியைத் திரும்பப் பழையபடி வைக்கவும் இல்லை. கம்ப்யூட்டரில் ஜூலை பிறந்து, ஐந்து நாள் கடந்துவிட்டது.

அந்த சி.டி.க்குத் தொண்ணூறு நாள்தான் உரிமம். ஜூலை ஐந்தோடு அது முடிந்தது.

ஜூன் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, வேலம்மா இருபத்துமூன்றாவது பாடத்துக்குப் போய் உட்கார்ந்தபோது திரை முழுவதும் சிவப்பாக இருந்தது. நடுவில் ஆங்கிலத்தில் இரண்டு வரி. நீரஜா வந்து பார்த்தாள். மூலையிலிருந்த தேதியைப் பார்த்தாள். பிறகு அறையில் நின்ற எட்டுப் பேரையும் பார்த்தாள். தேதியை ஜூன் ஒன்பதுக்குத் திருப்பினாள். சிவப்பு மாறவில்லை. மறுபடி ஏற்றினால்தான் திறக்கும், ஏற்றினால் பழைய மதிப்பெண் எல்லாம் அழிந்துபோகும், எதற்கும் பெங்களூர் ஆபீஸைக் கேட்டுவிட்டு வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றாள். யார் செய்தது என்று கேட்டாள். இரண்டாம் முறை கேட்கவில்லை.

அன்று மாலை வேலம்மா திருமயிலை ஸ்டேஷன் படிகளில் ஏறும்போது வேம்பு பின்னாலேயே வந்தாள். திருவல்லிக்கேணிக்குப் போகும் அந்தப் புது ரயில் ஓட ஆரம்பித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்தப் பெரிய கட்டடத்தில் கூட்டமே இருக்காது. மேலே பிளாட்பாரத்தில் அவர்கள் இருவரும் ஒரு நாயும்தான். கீழேயிருந்து கால்வாய் நாற்றம் வந்தது.

"யக்கா, திட்டறதுன்னா திட்டிடு. இப்டி பேசாம வராத."

திட்டி இன்னா ஆவப்போது என்றாள் வேலம்மா.

"பூட்டிக்கும்னு யாருக்குத் தெரியும்? ரெண்டு மணி டெம்பரேச்சர காலைல ஆறு மணிக்கே எழுதிக்கினு கீறோம். சார்ட்டு இன்னா, பூட்டிக்கவா செய்யுது?"

வேலம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டாள். ரயில் வரும் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு ஜூலை ஒம்பது நாப்பத்தஞ்சுடி. அத எந்த மூலைல தட்னா நவுரும், உன் வூட்டுக்காரன கேட்டுச் சொல்லு."

ரயில் வந்ததும், அந்தப் பக்கம் போக வேண்டிய வேலையே இல்லாத வேம்பு ஏறி, கதவோரம் நின்றுகொண்டு திருவல்லிக்கேணிவரை கூடவே வந்தாள். மறுபடி ஏற்றினால் ஏழு பேரும் ஒரே நாளில் முடித்துவிடுவார்கள், வேலம்மாவுக்கும் சேர்த்துத் தானே தட்டிவிடுகிறேன் என்றாள். வேலம்மா யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள்.

மறுநாள் அவள் மேட்ரனிடம் போனாள். இருபத்திரண்டு பாடம் முடித்ததற்குத் தன்னிடம் நோட்டு இருக்கிறது, மீதி எட்டை நிதானமாக முடிக்க வழி உண்டா, இல்லை, நேரில் கேள்வி கேட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். தேதியை நகர்த்திய விஷயத்தைச் சொல்லலாம் என்று நினைத்துத்தான் போனாள். சொன்னால் ஏழு பேருக்கும் வேலை போகும். அதில் ஒருத்திக்குப் போன வருடம்தான் கணவன் இறந்திருந்தான். பாதி வாக்கியத்தில் அவள் தயங்கியபோது, ஜெயபாரதி கையைக் காட்டி நிறுத்தினாள். அவளுடைய மேஜையில் அன்றைய ஆக்ஸிஜன் சிலிண்டர் வராத தகராறு ஓடிக்கொண்டிருந்தது.

"வேலம்மா, எனக்கு பாடம் முடிச்சதுக்கு எட்டு பேப்பர் வேணும். அது எப்படி வந்துச்சுங்கிற கதை எனக்கு வேண்டாம். டிரஸ்ட் ஆபீஸ்ல நோட்டையெல்லாம் பார்க்க மாட்டாங்க."

நல்ல மனதோடுதான் சொன்னாள். அதுதான் வேலம்மாவுக்கு அசதியாக இருந்தது. கோபப்பட்டிருந்தால் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை நீரஜா வந்து சி.டி.யைப் போட்டாள். எட்டுப் பேரும் பின்னால் நின்றார்கள். ஜூன் பன்னிரண்டு. ஒரு நாளைக்கு ஒரு பாடம் என்றால் முப்பதாவது பாடம் ஜூலை பதினொன்றில் வரும். கூட்டமோ ஜூன் முப்பது. இந்தக் கணக்கை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நீரஜாவின் ஒப்பந்தமும் எட்டுப் பேரும் தேறினார்கள் என்ற அறிக்கையில்தான் இருந்தது. அதையும் யாரும் சொல்லவில்லை.

சி.டி.யை ஏற்றுவதற்கு முன் நீரஜா மூலையிலிருந்த கடிகாரத்தை இரண்டு தட்டுத் தட்டினாள். காலண்டரில் மே மாதத்துக்குப் போனாள். மே நான்கு, திங்கட்கிழமை என்று வைத்தாள். அதற்குப் பிறகே ஏற்றினாள்.

எழுந்திருக்கும்போது யாரையும் பார்க்காமல் சொன்னாள். "தேதி முன்னால போகலாம். பின்னால போனா பூட்டிக்கும், அப்புறம் என்னாலயும் திறக்க முடியாது. நான் செவ்வாய்க்கிழமை பிரிண்டரோட வர்றேன். நடுவுல என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது."

ஆக, எட்டுப் பேரும் ஒன்றாக நகர வேண்டியதாயிற்று. ஒரு தேதியில் எட்டுப் பேரும் தட்டி முடித்தால்தான் அடுத்த தேதி. யாராவது பின்தங்கினால் பின்தங்கியதுதான். சனிக்கிழமை காலை ஷிப்ட் முடிந்து இரண்டு மணிக்கு உட்கார்ந்தார்கள். மவுஸ் வேம்புவின் கையில். ஒருத்தி பெயர்களைச் சொன்னாள், ஒருத்தி விடைகளின் இடத்தைச் சொன்னாள். மாமா ஒவ்வொரு முறையும் 'வணக்கம், இன்றைய பாடத்தில்' என்று ஆரம்பிப்பார். வேம்பு அவர் வாயை அடைப்பாள். அன்று பதினாறு பாடம் முடிந்தது. கை கழுவுவதும் குளிப்பாட்டுவதும் தொப்புள்கொடியும் சில விநாடிகளில் ஓடின. கேட்ட பாடங்கள் என்பதால் வேலம்மா அவை ஓடுவதைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பெயர் வந்தபோது மட்டும் வேம்புவின் தோளைத் தொட்டு, மவுஸைத் தானே வாங்கி, விடையைப் படித்து அழுத்தினாள். அதனால் ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு நிமிடம் கூடியது. கேலி செய்தார்கள். யக்கா கலெக்டருக்குப் படிக்குது என்றாள் ஒருத்தி. ஆனாலும் காத்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மறுபடி உட்கார்ந்தார்கள். நாலரை மணிக்கு இருபத்துமூன்று வந்தது. ஆறு மணிக்கு அவரவர் தெருவில் தண்ணீர் லாரி வரும். குடத்தைப் போட்டு வைக்காதவர்களுக்கு மறுநாள் தண்ணீர் இல்லை. ஒருத்தியின் குழந்தைக்குக் காய்ச்சல். பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். இன்னும் எட்டுப் பாடம், எட்டுப் பேர்.

'வணக்கம், இன்றைய பாடத்தில்' என்று மாமா ஆரம்பித்தார். வேம்புவின் விரல் போனது.

"வேம்பு, இத வுடு. இது மட்டும் ஓடட்டும்."

"யக்கா, பதினோரு நிமிஷம் ஓடும்."

"தெரியும்."

ஒருத்தி கடிகாரத்தைப் பார்த்தாள். ஒருத்தி, இதெல்லாம் வாத்திச்சி வேலை, வூட்டுக்குப் போய் யார் தண்ணி புடிக்கறது என்று முனகினாள். காய்ச்சல் குழந்தையின் தாய் வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, பிறகு கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். வேம்பு மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பாடம் ஓடியது. அழாத குழந்தையின் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கக் கூடாது, முதுகில் அறையக் கூடாது என்றார் மாமா. அந்த ஆஸ்பத்திரியில் அந்த இரண்டையும்தான் செய்வார்கள். படத்தில் ஒரு கை, ரப்பர் பொம்மைக் குழந்தையைத் துடைத்தது. முதுகைத் தேய்த்தது. தோளுக்கு அடியில் மடித்த துணியை வைத்து, தலையை லேசாகப் பின்னுக்குச் சாய்த்தது. முதலில் வாயை, அப்புறம் மூக்கைச் சுத்தம் செய்தது. அதன் பின்னும் மூச்சு வராவிட்டால் முகத்தில் சின்ன மாஸ்க்கை வைத்துப் பையை அழுத்தியது. மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கச் சொன்னார் மாமா. எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் என்றார். அந்தப் பையும் மாஸ்க்கும் ஆஸ்பத்திரியில் இருந்தன. தியேட்டர் அலமாரியில், பிரிக்காத கவரில்.

வேலம்மா நோட்டில் எழுதினாள். நான்காவது நிமிடத்தில், முனகிக்கொண்டிருந்தவள் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டாள். அவளும் தலைகீழாகப் பிடித்து அறைந்தவள்தான். ஆனால் ஒன்பதாவது நிமிடத்தில் அவள் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள்.

பாடம் முடிந்தது. எட்டுப் பேருக்கும் கேள்விகள் வந்தன. அந்த ஒன்றில் மட்டும் யாரும் இடத்தைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடுத்தது இருபத்துநான்கு. தலைப்பு, 'தாய்க்கு அதிக ரத்தப்போக்கு.' வேம்பு திரும்பி வேலம்மாவைப் பார்த்தாள். இதையும் ஓட்டவா என்று கேட்கவில்லை, பார்த்தாள். அறையில் எல்லாருமே பார்த்தார்கள். மணி ஐந்தேகால்.

"தட்டு," என்றாள் வேலம்மா.

அதன் பிறகு தன் பெயருக்கும் அவள் மவுஸை வாங்கவில்லை. கேட்காத பாடத்தின் விடையைப் படித்து அழுத்த அவளுக்கு வராது. நடுவுல, கீழ, கீழ, மேல, நடுவுல என்று ஒருத்தி சொல்ல, VELAMMA என்ற பெயருக்கு நேராக ஒவ்வொரு பச்சைக் கட்டமாக விழுந்தது. தலைப்புகளை மட்டும் அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். ஜன்னி, மஞ்சள்காமாலை, எடை குறைந்த குழந்தை. ஐந்தே முக்காலுக்கு முப்பதும் முடிந்தன. கம்ப்யூட்டரில் ஜூன் இரண்டாம் தேதி. எல்லாரும் பஸ் பிடிக்க லஸ் பக்கம் ஓடினார்கள்.

செவ்வாய்க்கிழமை நீரஜா பிரிண்டரைக் கொண்டுவந்து எட்டுத் தாள்களை அடித்துக் கொடுத்தாள். அன்றே கம்ப்யூட்டரையும் கட்டினார்கள். தி. நகரில் வேறொரு ஆஸ்பத்திரியில் அடுத்த பயிற்சி என்றாள். வேலம்மா அந்த ஆறு தலைப்புகளையும் காட்டி, இதுக்குப் புஸ்தகம் ஏதாவது உண்டா மேடம் என்று கேட்டாள். சி.டி. மட்டும்தான் வந்திருக்கு, கேட்டுப் பார்க்கிறேன் என்றாள் நீரஜா. அவள் தலைப்புகளை எண்ணிப் பார்த்து, ஏழு வரணுமே என்றாள். அவசரத்தில் ஒன்றை எழுத விட்டுப்போயிருந்தது.

தாளையும் வயதுச் சான்றையும் அவரவர் நேரில் கொண்டுபோய் டிரஸ்ட் ஆபீஸில் கொடுக்க வேண்டும். வேலம்மாவுக்கு வியாழக்கிழமைதான் நேரம் கிடைத்தது. ஆபீஸை கஸ்தூரிரங்கன் பார்த்துக்கொண்டிருந்தார். மத்திய அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று, சம்பளமில்லாமல் அறக்கட்டளைக்கு எழுத்து வேலை செய்பவர். அறுபத்தாறு வயது. தாளை மூக்குக்கு அருகில் பிடித்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். பள்ளிச் சான்றிதழில் பிறந்த தேதியைப் பார்த்துவிட்டு, விரல் விட்டு எண்ணி, நல்லவேளை என்றார். பிறகு தாளில் ஒரு இடத்தில் பேனாவை வைத்தார்.

"ஜூன் ரெண்டாம் தேதியே முடிச்சுட்டேளே. முடிச்ச ஏழு நாளைக்குள்ள இங்க சேர்க்கணும்னு சர்க்குலர் போட்டிருக்கோம். இன்னிக்குப் பதினெட்டு."

வேலம்மா குனிந்து பேனா நின்ற இடத்தைப் பார்த்தாள்.

"எட்டுப் பேரும் ஒரே நாள்ல முடிச்சுண்டு, எட்டுப் பேரும் லேட். ஆத்துல வச்சுண்டு அடை காத்தேளா? அவாள்லாம் எழுதிக் குடுத்துட்டா. நீங்களும் தாமதத்துக்குக் காரணம்னு ஒரு வரி எழுதிக் குடுங்கோ. ஃபைல்ல இல்லேன்னா கேள்வி வரும்."

ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார். மற்ற ஏழு கடிதங்கள் ஃபைலில் மேலாக இருந்தன. ஏழிலும் 'வேலைப்பளு காரணமாக' என்று ஒரே மாதிரி எழுதியிருந்தது. முதல் கடிதத்தைப் பார்த்து மற்றவர்கள் எழுதியிருக்க வேண்டும். வேலம்மா ஸ்டூலில் உட்கார்ந்து அதையே எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். அவர் அதை வாங்கி, 'வேலைப்பளு' என்ற சொல்லுக்கு அடியில் ஒரு கோடு போட்டு, ஃபைலில் குத்தி, முப்பதாம் தேதி கூட்டத்தில் வைத்துவிடுகிறேன், ஒன்றும் தகராறு இருக்காது என்றார். பதினோரு வருடத்தில் அவர் அவளிடம் இவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. அந்த உற்சாகத்திலோ என்னவோ இன்னொன்றும் கேட்டார்.

"அந்தக் கம்ப்யூட்டர்ல அப்படி என்னம்மா சொல்லித்தரா?"

வேலம்மா எழுந்து நின்றாள். பிறந்த குழந்தை அழவில்லை என்றால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித் தருகிறார்கள் என்றாள். அவர் பேனாவை மூடாமல் பார்த்துக்கொண்டிருந்ததால் சொல்லவும் ஆரம்பித்தாள். மேஜையில் மடித்துக் கிடந்த அவருடைய துண்டைத் தோளுக்கு அடியில் வைக்கும் துணியாக வைத்துக்காட்டி, தலை எவ்வளவு சாய வேண்டும், முதலில் எது, பிறகு எது, எத்தனை விநாடி என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் முதலில் ஆச்சரியமாகவும், பிறகு மரியாதையாகவும், கடைசியில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டும் கேட்டார்.

"பேஷ். முப்பது பாடமும் இதே மாதிரி நெட்டுருவா?"

"இருவத்திமூணு வரைக்கும் தெரியும் சார். மீதிய நா கேக்கல."

டெலிபோன் அடித்தது. அவர் எடுத்து, ஆமாம், எட்டுப் பேரும் முடிச்சுட்டா, எல்லாப் பேப்பரும் வந்துடுத்து என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே, அவளுக்கு விடை கொடுக்கும் விதமாகத் தலையை அசைத்தார். வேலம்மா துண்டை மடித்து இருந்த இடத்தில் வைத்துவிட்டு, இரண்டு மணி டூட்டிக்குக் கிளம்பினாள்.